அறங்காவலர் விற்கலாமா?

2011 ஜூலை 11 விடியற்காலையில், சைப்ரஸ் தீவின் தென்கரையில் மாரி கிராமத்தை ஒட்டிய கடற்படைத் தளத்தில் வெடிமருந்துக் குவியல் வெடித்தது. 2009இல் ஒரு கப்பலை மடக்கிப் பறிமுதல் செய்த 98 கன்டெய்னர் சரக்கு அது. இரண்டு ஆண்டுக்கு மேல் திறந்தவெளியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. 13 பேர் இறந்தார்கள். தீவின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியைத் தந்துவந்த வாசிலிகோஸ் மின்நிலையம் பக்கத்திலேயே இருந்தது, அதுவும் நொறுங்கியது. நடுக்கோடையில், இரண்டாகப் பிரிந்து கிடக்கும் தீவில் கிரேக்க சைப்ரஸ் மக்களின் தெற்கு முழுவதும் மின்வெட்டு. அந்த நாட்களில் தெற்குக்கு மின்சாரம் விற்றவர்களில், தெற்கின் அரசு அங்கீகரிக்கவே மறுக்கிற, துருக்கிய சைப்ரஸ் மக்களின் வடக்கு நிர்வாகமும் உண்டு. அதற்கு முன்பு 1974 தொடங்கி இருபது ஆண்டுபோல தெற்கின் மின்சாரம் வடக்குக்குப் போய்க்கொண்டிருந்தது, பெரும்பாலும் கட்டணம் வராமலே.

வெடிவிபத்து நடந்த அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க நிறுவனமான நோபிள் எனர்ஜி, லிமசோலுக்குத் தெற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், 1,700 மீட்டர் ஆழக் கடலின் அடியில் துளையிடத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் எரிவாயு கிடைத்தது. அந்தத் தீவின் கரையில் பிறந்தவளாகப் புராணம் சொல்லும் அப்ரோடைட்டின் பெயரை வயலுக்கு வைத்தார்கள். துளையிட அனுமதி கொடுத்தது தெற்கை ஆளும் சைப்ரஸ் குடியரசு. அந்தக் குடியரசின் சொந்த அரசியல் சாசனப்படி அதன் இணை உரிமையாளர்களான துருக்கிய சைப்ரஸ் மக்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா?

1960இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, கிரேக்கர் ஒருவர் குடியரசுத் தலைவர், துருக்கியர் ஒருவர் துணைத் தலைவர், அவருக்குச் சில முடிவுகளைத் தடுக்கும் அதிகாரம் என்று ஏற்பாடு. 1963 டிசம்பரில் இனக்கலவரம் மூண்டது. துருக்கிய சைப்ரஸ் மக்கள் அரசிலிருந்து வெளியேறினார்கள். விரட்டப்பட்டோம் என்பது அவர்கள் வாதம், தாங்களாகப் போனார்கள் என்பது எதிர்வாதம். 1974 ஜூலையில் கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் தீவில் ஆட்சிக்கவிழ்ப்பு நடக்க, ஐந்தாம் நாள் துருக்கிப் படை வந்து இறங்கியது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதன் கட்டுப்பாட்டுக்குள் போனது. 1983இல் வடக்கு தன்னைத் தனிக் குடியரசு என்று அறிவித்துக்கொண்டது. அதை இன்றுவரை துருக்கி மட்டுமே ஏற்கிறது.

சட்டம் பெரும்பாலும் தெற்கின் பக்கம்தான். ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தில் சைப்ரஸ் உறுப்பு நாடு. துருக்கி கையெழுத்தே போடவில்லை. எகிப்துடன் 2003இலும் இஸ்ரேலுடன் 2010இலும் சைப்ரஸ் கடல் எல்லையை வரைந்துகொண்டது. அதற்கு எதிராகத் துருக்கித் தலைநகர் அங்காரா செய்தவற்றில் நியாயம் தேடுவது கடினம். 2018 பிப்ரவரியில் இத்தாலிய நிறுவனத்தின் துரப்பணக் கப்பலைப் போர்க்கப்பல்கள் மறித்துத் திருப்பி அனுப்பின. 2019இல் துருக்கியே தன் துரப்பணக் கப்பல்களை அந்தக் கடலுக்குக் கொண்டுவந்தது. தனக்கென்று கோரும் கடல்படுகையையும் துருக்கிய சைப்ரஸ் மக்களின் பங்கையும் அது ஒரே மூச்சில் பேசுகிறது. பின்னதன் நியாயத்தை முன்னதற்கு மறைப்பாகப் பிடிப்பது அந்த மக்களுக்கே செய்யும் தீங்கு.

அங்காராவின் குற்றத்தால் தெற்கின் கணக்கு நேராகிவிடாது. எடுக்க உரிமை இருப்பது ஒன்று, தனியாக முடிவெடுப்பது வேறு. எரிவாயு எல்லா சைப்ரஸ் மக்களுக்கும் சொந்தம் என்று தெற்கின் தலைவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். வருமானத்தைச் சேர்த்துவைக்க 2019இல் தேசிய முதலீட்டு நிதிக்குச் சட்டமும் செய்தார்கள். தீவு ஒன்றிணையும் தீர்வு வந்ததும் வடக்குக்குப் பங்கு கிடைக்கும் என்பது அவர்கள் தரும் உறுதி. பாகம் பிரிக்காத சொத்தை அண்ணன் விற்கிறான்; தம்பிக்கு உள்ளதை வங்கியில் போட்டு வைத்திருக்கிறேன், சண்டை தீர்ந்ததும் தருகிறேன் என்கிறான். ஒரு காசு குறையாமல் அவன் கொடுத்தாலும், யாருக்கு, என்ன விலைக்கு, எப்போது விற்பது, விற்கத்தான் வேண்டுமா என்று கேட்கப்படாத தம்பி இந்தச் சொத்தில் உரிமையாளன் இல்லை, உதவி பெறுபவன்.

இதே தெற்கு இன்னோர் இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அப்ரோடைட் வயலின் ஒரு சிறு நுனி இஸ்ரேலின் கடல் எல்லைக்குள் நீள்கிறது. அந்த நுனிக்கு என்ன பங்கு என்று இரு அரசுகளும் ஆண்டுக்கணக்காகப் பேசிவந்திருக்கின்றன. அண்டை நாட்டுடன் சிறு துண்டுக்குப் பேச்சுவார்த்தை; ஒரே தீவில் குடியிருப்பவர்களுக்குக் காத்திருக்கும்படி பதில்.

கிரேக்க சைப்ரஸ் மக்களின் மறுமொழியும் எளிதாகத் தள்ளக்கூடியதல்ல. இப்போதே எரிவாயுவில் சரிபாதி அதிகாரம் கொடுத்தால், வடக்கைத் தனி நாடாக ஒப்புக்கொண்டதாகிவிடும். அதன் பிறகு அங்காரா ஏன் படையைத் திரும்ப அழைக்கும்? எரிவாயுதான் எதிர்த்தரப்பைப் பேச வைக்கும் தூண்டுகோல் என்கிறார்கள். ஆனால் 2004 வாக்கெடுப்பை நினைத்துப் பார்த்தால் இந்தத் தூண்டுகோல் யார் கையில் குத்துகிறது என்பது தெரியும். ஐ.நா. வகுத்த ஒன்றிணைப்புத் திட்டத்துக்கு வடக்கே 65 சதவீதம் பேர் ஆதரவு. தெற்கே 76 சதவீதம் பேர் எதிர்ப்பு. படைகள் தங்கியிருக்கும் கால அளவு, சொத்துக்கள் திரும்பாதது என்று எதிர்த்தவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. என்றாலும் ‘சரி’ என்று வாக்களித்த மக்களிடம் தீர்வுக்கு வந்தால் பங்கு தருகிறோம் என்பது பொருந்தாத பேச்சு.

சொத்து என்றதும் கணக்கு மறுபக்கம் திரும்புகிறது. 1974இல் வடக்கிலிருந்து ஏறத்தாழ 1,60,000 கிரேக்க சைப்ரஸ் மக்கள் துரத்தப்பட்டார்கள். அவர்கள் விட்டுவந்த தோட்டங்களிலும் மனைகளிலும் மாடிகள் எழுந்தன, கைமாறின. வடக்கிலுள்ள கைரீனியாவில் மனைகள் வைத்திருந்த டிட்டினா லோய்சிடூ ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார். அந்த நிலத்துக்குச் சட்டப்படி அவரே இன்னும் உரிமையாளர் என்று 1996இல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு வழங்க 1998இல் உத்தரவு. துருக்கி கட்டியது 2003இல். உன் நிலத்தை நாங்கள் பயன்படுத்திக்கொள்கிறோம், தீர்வு வரும்போது ஈடு வாங்கிக்கொள் என்ற பேச்சின் கசப்பு தெற்குக்கு நன்றாகவே தெரியும். கடலில் தெற்கு சொல்வதும் ஏறக்குறைய அதுதான். கடலில் இணை உரிமை கேட்கும் வடக்கின் தலைவர்கள், கைரீனியா மனைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். துப்பாக்கி முனையில் பறித்த நிலமும் சட்டப்படி ஏலம் விட்ட கடல்தொகுதியும் சமமான குற்றங்கள் அல்ல. முதலாவது மிகப் பெரியது. ஆயினும் கேளாமல் எடுக்காதே என்ற அதே விதியை இரு தரப்பும் தமக்கு ஆதாயமான இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பிறர் சொத்தைக் கையாளத் தெற்கிடம் ஏற்கனவே ஒரு நடைமுறை உண்டு. வடக்குக்குப் போன துருக்கிய சைப்ரஸ் மக்கள் தெற்கில் விட்டுச்சென்ற வீடு, நிலங்களுக்கு 1991 சட்டப்படி உள்துறை அமைச்சர் காப்பாளர். அதாவது, சொத்து பிறருடையது, கையில் இருப்பது பொறுப்பு மட்டும். கடலிலும் தான் எல்லாருக்காகவும் காப்பாளராக இருப்பதாகக் குடியரசு சொல்லுமானால், கோயில் அறங்காவலருக்கு உள்ள கட்டுப்பாடுகள் அதற்கும் உண்டு. சொத்தின் பயனைக் கையாளலாம். சொத்தையே அழிப்பதென்றால் உடையவரைக் கேட்க வேண்டும், கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். நிலம் ஐம்பது ஆண்டு கழித்தும் அங்கேயே கிடக்கும். எரிவாயு எரிந்தால் போயிற்று.

காத்திருப்பதும் இலவசமல்ல. 2050க்குள் நிகரக் கரிம உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக ஐரோப்பிய ஒன்றியம் உறுதியளித்திருக்கிறது. எரிவாயுவுக்கு இன்னும் எத்தனை நாள் சந்தை என்பது ஐயம்தான். எடுக்காமல் விடுவதே நல்லது என்று சொல்வோரும் உண்டு. மாடிக்கு மாடி சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒரு தீவில் அந்த வாதத்துக்குக் காது கொடுக்கலாம். ஆனால் அதையும் ஒரு பக்கம் மட்டும் முடிவுசெய்ய முடியாது.

அங்கீகாரம் இல்லாமல் கூட்டாக நிர்வகிக்க முடியாது என்பதைத் தலைநகர் நிக்கோசியாவின் சாக்கடையே பொய்யாக்குகிறது. 1974க்குப் பின் சில ஆண்டுகளிலேயே, தெற்கின் மேயர் லெலோஸ் டிமெட்ரியாடிஸும் வடக்கின் மேயர் முஸ்தபா அகிஞ்சியும் கழிவுநீர்க் குழாய்களை ஒன்றாக வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். இரு பக்கத்துக் கழிவும் வடக்கே மியா மிலியாவிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இதனால் யாரும் யாரையும் தனி நாடாக ஏற்றுக்கொண்டதாக ஆகவில்லை. அதே அகிஞ்சிதான் பின்னாளில் வடக்கின் தலைவராகி, எரிவாயுவுக்கு ஐ.நா. மேற்பார்வையில் ஒரு கூட்டுக்குழு அமைக்கலாம் என்று 2019இல் எழுதினார். தெற்கு மறுத்தது. மூன்று ஆண்டு கழித்து, ஒன்றையொன்று அங்கீகரிக்காத லெபனானும் இஸ்ரேலும் அமெரிக்காவின் மத்தியஸ்தத்தில் கடல் எல்லையை முடித்துக்கொண்டன.

2008 முதல் சுகாதாரம், சுற்றுச்சூழல், பண்பாட்டு மரபு, குற்றத்தடுப்பு என்று இருதரப்புத் தொழில்நுட்பக் குழுக்கள் சைப்ரஸில் இயங்குகின்றன. எரிவாயுவுக்கு ஒன்று இல்லை. 2025 பிப்ரவரியில் எரிவாயுவை எகிப்துக்குக் கொண்டுபோக உடன்பாடுகள் கையெழுத்தாயின. வாசிலிகோஸ் மின்நிலையத்திலோ இன்னும் எண்ணெய்தான் எரிகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் வடக்கின் மக்கள், கூட்டாட்சித் தீர்வைப் பேசும் துஃபான் எர்ஹுர்மானைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விற்பனை விலை, குழாயின் பாதை, நிதியின் கணக்கு ஆகிய மூன்றையும் இரு தரப்பும் உட்கார்ந்து பார்க்கும் குழுவைத் தெற்கு இப்போது அமைத்தால் அதில் துருக்கிக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் குழுவின் முதல் கூட்டத்திலேயே கைரீனியா மனைகளின் கோப்பையும் மேசையில் வைக்கத் தெற்குக்கு முழு உரிமை உண்டு. வடக்கு அதைப் புரட்டிப் பார்க்கவும் வேண்டும்.