நூற்பற்றும் நூற்கொடையும்

உயிரானது தனித்து நிற்கும் இயல்பினது அன்று. யாதானும் ஒன்றைச் சார்ந்தே நிற்பது. சார்ந்ததன் வண்ணமாய் விளங்குவது. செம்மலரின் அருகே வைத்த பளிங்கு செந்நிறம் காட்டுதலும், நீலமலரின் அருகே வைத்த பளிங்கு நீலநிறம் காட்டுதலும் இதற்கு உவமையாகக் கூறப்படும். ஆதலின், ஒருவன் எவ்வெவற்றைத் தன் அருகே வைத்துக்கொண்டிருக்கின்றான் என்னும் வினா சிறிய வினா அன்று. பொன்னையும் மண்ணையும் பற்றிய பற்றினை நம் பெரியோர் பலபடக் கடிந்து கூறியுள்ளனர். ஆயின், விலை மதிப்பு யாதும் இல்லாத பொருள்கள்மேற் செல்லும் பற்று ஒன்று உண்டு. இளமையிற் படித்து மகிழ்ந்த மாயக்கதை நூல்கள், மூலை மடங்கி நிறம் பழுத்த திங்களிதழ்கள், தந்தையார் தம் கையெழுத்திட்டுப் பரிசாகத் தந்த ஒரு கதைப்புத்தகம் என்னும் இவை எடைக்கு இட்டால் ஒருவேளைக் காய்கறிக்கும் போதா. ஆயினும், இவற்றைப் பிறர்க்குக் கொடுக்க மனம் ஒருப்படுவதில்லை. இப் பற்று குணமோ குற்றமோ என்பதை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இவ் வினா ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி நோக்கிச் செல்லும் சாலையில் சேலையூரை அடுத்துள்ள ராஜகீழ்ப்பாக்கத்தைக் காண்க. ஏரியும் கழனியும் உடைய சிற்றூராய் இருந்த இவ்வூர், 2021-ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாகிவிட்டது. தோட்டமும் திண்ணையுமாய் இருந்த தனி வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவை நின்ற இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுகின்றன. பரணும் நிலைப்பேழையும் உடைய பெரிய மனையில் முப்பது ஆண்டு வாழ்ந்த குடும்பம், இரண்டு மூன்று அறைகளே உடைய வீட்டிற்குக் குடிபெயர நேர்கின்றது. அப்பொழுது பாத்திரமும் கட்டிலும் எளிதிற் பங்கிடப்படுகின்றன. பரண்மேல் இருந்த புத்தகக் கட்டு இறங்கியவுடன் எல்லார் கையும் தயங்குகின்றது. பழைய தாள் வாங்குவோன் தராசுடன் வாயிலில் நிற்கின்றான். முதியவர் ஒருவர் கட்டினை அவிழ்த்து, மேலிருந்த நூலை எடுத்து, நின்றவாறே படிக்கத் தொடங்கிவிடுகின்றார். இது பல இல்லங்களில் நிகழும் நிகழ்ச்சியே.

அவர் ஏன் படிக்கின்றார்? கதையின் முடிவு அவர் அறியாதது அன்று. முன்னரே பத்துமுறை படித்த கதை அது. புதுமை வேண்டிப் படிப்பதாயின் பதினொராம் முறைக்கு இடமில்லை. இதனை விளக்க அம்புலிமாமாவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 1947-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று நெடுங்காலம் வெளிவந்து பின்னர் நின்றுபோன அவ் விதழில், விக்கிரமன் முருங்கைமரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோள்மேற் சுமந்து செல்லுங் கதை திங்கள்தோறும் வந்தது. சங்கர் என வழங்கிய ஓவியர் கே. சி. சிவசங்கரன் வரைந்த அப் படத்தை அறியாத தமிழ்ச் சிறுவர் அக்காலத்து அரியர். வேதாளம் கதை கூறும்; அரசன் விடை கூறுவான்; மௌனம் கலைந்தமையின் வேதாளம் மீண்டும் மரம் ஏறும். அரசனோ சலியாது மீண்டும் மரத்தடிக்குச் செல்வான். விரும்பிய நூலை மீளமீளப் படிப்போர் நிலையும் இதுவே. அரசன் ஒவ்வொருமுறை சென்றபோதும் வேறொரு கதையும் வேறொரு வினாவும் அவனுக்குக் கிடைத்தன என்பதை மறத்தலாகாது. வெறுங்கையுடன் அவன் ஒருகாலும் மீண்டிலன்.

ஈண்டுச் சிலர், “மாயக்கதை என்பது பொய், பொய்யைப் பலகாற் படித்தலாற் பயன் யாது?” என வினாவுவர். அற்றன்று. பறக்குங் குதிரையும் பேசும் பதுமையும் உலகில் இல்லை என்பதைச் சிறுவனும் அறிவான். கதையில் மெய்யாவது அக் குதிரை அன்று. அதன்மேல் ஏறியவன் கொண்ட அச்சமும், கொடுத்த சொல்லைக் காத்தற்கு அவன் பட்ட பாடுமே ஆம். இவை காலத்தோடு மாறுவன அல்ல. ஆயின் படிப்போன் மாறுகின்றான். பத்து வயதில் அரசன் வீரத்தைக் கண்டு வியந்தவன், ஐம்பது வயதில் அவ் வரசனைப் பெற்ற தாயின் துயரைக் காண்கின்றான். நூல் ஒன்றே, கண் வேறு. நம் முன்னோர் கல்வியைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படியாக வகுத்தனர். ஒருமுறை படித்து எறிதல் முதற்படியோடு நின்றுவிடுதலை ஒக்கும். மீட்டும் படித்தலோ, எளிய கதைநூல் திறத்திலேனும், இரண்டாம் படியிற் கால் வைத்தலாம். ஆகவே மீளப் படித்தல் குற்றமாகாது.

எனினும், மீளப் படித்தல் வேறு, மீளத் தழுவிக்கொள்ளுதல் வேறு. பரணிலிருந்து இறங்கிய கட்டில் நூறு நூல்கள் இருப்பின், உண்மையாகவே மீண்டும் படிக்கப்படுவன பத்தோ பன்னிரண்டோ ஆம். எஞ்சியவை படிக்கப்படுவன அல்ல. பார்க்கப்படுவன, தடவப்படுவன, மீண்டுங் கட்டி வைக்கப்படுவன. அவற்றைக் கொடுக்க மனம் வாராமைக்குக் காரணம் அவற்றின் பொருள் அன்று. “எனது” என்னும் உணர்ச்சியே. “யான்”, “எனது” என்னும் இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பன என்பது சைவ நூலோர் துணிபு.

இவ் வுண்மையை மாயக்கதை ஒன்றே விளக்கிக் காட்டுதல் வியப்பிற்குரியது. ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் பெருங்கதை இன்று உலகெங்கும் மீளமீளப் படிக்கப்படுவது. அதில் ஹாபிட் எனப்படும் குறுமக்கள் வருகின்றனர். உடனே பயன்படாததும் எறிய மனம் வாராததுமான பொருளுக்கு அவர்கள் மொழியில் ‘மேத்தம்’ என்று பெயர். அவர்கள் வீடுகள் மேத்தங்களால் நிறைந்து நெருக்குண்டிருந்தன என்றும், அவர்கள் ஒருவர்க்கொருவர் அளிக்கும் பரிசில்களும் பெரும்பாலும் கைமாறிக் கைமாறிச் சுற்றிவரும் மேத்தங்களே என்றும் ஆசிரியர் நகைச்சுவை தோன்றக் கூறுகின்றார்.

அக் குறுமக்களுள் ஒருவனாகிய பில்போ, தனது 111-ஆம் பிறந்தநாளன்று ஊரார்க்கெல்லாம் விருந்தும் பரிசும் வழங்கி, வீட்டையும் உரிமை மைந்தனுக்கு விட்டுப் புறப்படுகின்றான். எல்லாவற்றையும் எளிதிற் கொடுத்தவனுக்கு ஒரு சிறு மோதிரத்தைக் கொடுக்க மட்டும் கை எழவில்லை. கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே அதனைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கின்றான். நினைவூட்டிய நண்பன்மேற் சீறி விழுகின்றான். பின்னர், நண்பன் துணையால் அதனை விட்டபொழுது அவன் நெஞ்சம் இலேசாகின்றது. அம் மோதிரத்தை அழிக்கச் சென்ற பிரோடோவோ, எல்லாத் துன்பமுங் கடந்து எரிமலை வாயில் நின்றபோது அதனை எறியமாட்டாது, தனக்கே உரியது எனக் கூறிவிடுகின்றான். பொருளை விடுதல் ஆற்றலால் மட்டும் முடிவதன்று. துணையும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். பற்றுவிடாமையின் துயரை உணர்த்தும் அந் நூலையே நாம் பேழையில் பூட்டி, எவர்க்குங் கொடோம் என்று இருப்பின், அதனைப் பத்துமுறை படித்தும் ஒருமுறையும் படித்திலேம் என்பதே முடிபாம்.

“அற்றேல், எல்லா நூல்களையும் இன்றே எறிந்துவிடுதல் துறவாகுமோ?” எனின், அதுவும் ஆகாது. நம் நாட்டிற் பழைய ஏட்டுச் சுவடிகள் பட்ட பாட்டினை நினைமின். இல்லங்களிலும் மடங்களிலும் கிடந்த ஏடுகளைப் பயனற்றன எனக் கருதி, ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டாரும் நெருப்பில் இட்டாரும் உளர் என டாக்டர் உ. வே. சாமிநாதையர் மிக வருந்தி எழுதியுள்ளார். அவ்வாறு செய்தோர் பேராசையாற் செய்திலர். புனிதச் செயல் என்று எண்ணியே செய்தனர். வீடு இலேசாயிற்று, நாடு வறிதாயிற்று. மற்று, தம் முன்னோர் ஏட்டை எறியாது காத்த குடும்பங்கள் இருந்தமையானன்றோ 1887-இல் சீவக சிந்தாமணியும், 1894-இல் புறநானூறும் அச்சில் வெளிவந்தன! ஆகவே, வைத்திருத்தல் எல்லாம் பற்றும் அன்று. விடுதல் எல்லாம் துறவும் அன்று.

இவ் வேறுபாட்டிற்கு ராஜகீழ்ப்பாக்கத்தார் தொலைவிற் சென்று சான்று தேடவேண்டுவதில்லை. தாம்பரத்திலிருந்து வடக்கே மூன்றாம் புகைவண்டி நிலையம் பல்லாவரம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு வருமுன்னர், நகரினுள் இருந்த காலத்தில், அதிற் றமிழாசிரியராய் இருந்த மறைமலையடிகள், 1911-இல் அப் பணியை விட்டுப் பல்லாவரத்திற் குடியேறித் துறவு நெறி மேற்கொண்டார். அடிகள் கதைநூலை இகழ்ந்தவர் அல்லர். ரெயினால்ட்சு என்னும் ஆங்கிலக் கதையாசிரியரின் நூலைத் தழுவிக் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்னும் புதினத்தைத் தாமே இயற்றியவர். அவர் காவியுடை உடுத்த பின்னரும் நூல்களைத் துறந்திலர். மேன்மேலும் வாங்கிச் சேர்த்தார். ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள் அவரிடம் திரண்டன. துறவிக்கு இத்துணைப் பொருளா என வினாவுவோர்க்கு விடை, 1950-இல் அவர் மறைந்த பின்னர்க் கிடைத்தது. அந் நூல்கள் பொதுமக்கட்குப் பயன்படுமாறு 1958-இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையமாக அமைந்தன. நாற்பது ஆண்டு அவை அவர் கையில் இருந்தன. ஆயினும் அவர்க்காக மட்டும் இருந்தன அல்ல. எனவே, “வைத்திருப்பதா, கொடுப்பதா?” என்பது முதல் வினாவன்று, “யாருக்காக வைத்திருக்கின்றோம்?” என்பதே முதல் வினா.

இனி, எஞ்சி நிற்பது மிக மெல்லியதொரு வினா. தந்தையார் கையெழுத்திட்ட அவ் வொரு நூல் எவர்க்கும் பயன்படாது; மகனுக்கு மட்டுமே அஃது அருமையுடையது. அதனை என் செய்வது? அதனை எறிக என்று கூறுதல் கல்நெஞ்சாம். உடம்போடு கூடிய உயிர்க்கு நினைவு நிலைத்தற்குக் கண்ணாற் காணும் அடையாளம் ஒன்று துணையாகின்றது. திருநீறும் கண்டிகையும் அணிந்து, திருமேனியை வழிபடும் நாம் இதனை மறுத்தற்கில்லை. ஆயின், அடையாளத்திற்கும் பற்றிற்கும் உள்ள வேற்றுமை அறியத்தக்கது. அடையாளம் மனத்தைத் தன்னைக் கடந்து அன்பிற்கு உரியவரிடம் செலுத்தும். பற்றோ மனத்தைத் தன்னிடத்தே நிறுத்திக்கொள்ளும். தந்தையாரை நினைத்தற்கு ஒரு நூல் போதும். அவர் வைத்திருந்த ஐந்நூறும் வேண்டுவதில்லை. அடையாளங்கள் மிகுதோறும் ஒன்றையொன்று மறைத்து, நினைவினும் தூசியே மிகும்.

2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களிற் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, முடிச்சூர் முதலிய தாம்பரத்தைச் சார்ந்த இடங்களில் வீட்டினுள் நீர் புகுந்தது. நனைந்த தாளை வெள்ளம் எவர் கையெழுத்து என்று பார்ப்பதில்லை. பரணிற் பூட்டி வைத்தாலும் நீருக்கும் கரையானுக்கும் இரையாகுந் தன்மையதே தாள். ஆயினும், தந்தையார் அந் நூலைத் தந்த மாலையும், படித்துக் காட்டிய குரலும் தாளில் இருந்தன அல்ல. ஆதலின் அவை நீரொடு போவன அல்ல.

ஆகவே, செய்யத்தக்கது இதுவெனத் துணியலாம். மீண்டும் படித்தற்கு உரியவற்றை வைத்துப் படிக்க. வைத்தும் படியாதவற்றை வைத்திருப்பதாக எண்ணற்க. நினைவிற்கு உரியது ஒன்றனைப் போற்றுக. ஏனையவற்றைத் தம் கை வலிமை உள்ளபோதே, தம் கையாலேயே, பேரனுக்கோ, அண்டை வீட்டுச் சிறுமிக்கோ, ஊர் நூலகத்திற்கோ கொடுக்க. கொடுக்கும்போது வெறுந்தாளாகக் கொடாது, “இக் கதையில் இவ்விடத்தை நான் உன் வயதிற் படித்தபோது அஞ்சினேன்” என ஒரு சொல்லுங் கூட்டிக் கொடுக்க. அச் சொல்லே நூலுக்கு உயிர். அதனைக் கூறத்தக்கவர் மறைந்த பின்னர், பிள்ளைகளுக்கு அந் நூற்கட்டு இன்னதென விளங்காது. எதனை யார்க்குக் கொடுப்பது என்பதைத் தராசே துணியும். கையாற் கொடுத்தது கொடையாம். கைவிட்டுப் போனது இழப்பாம். இரண்டிலும் பொருள் நீங்குதல் ஒன்றே. உயிர் அடையும் பயன் வேறு. பிடித்திருந்த விரல்களைத் தானே நெகிழ்த்தக் கற்ற உயிர், சிறியதொரு கதைப்புத்தகத்தில் அப் பயிற்சியைத் தொடங்கினும், பெரியவற்றை விடவேண்டிய நாளில் அஞ்சாது என்க.