அறிவைப் பகிர்தல்: தானமா, களவா?

உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் எனத் தானம் நான்கு என்பது நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த செய்தி. உணவையும் மருந்தையும் கொடுத்தால் கொடுத்தவனிடம் அந்த அளவு குறையும். கல்வியைக் கொடுத்தால் குறைவதில்லை. ஆகவே நான்கினுள் அதுவே கொடுப்பதற்கு எளிது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பள்ளியாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னரும் அவ்வெண்ணம் மாறவில்லை. என் பேரன் எழுப்பிய ஒரு வினாவே அதனை மாற்றியது.

அவன் பெங்களூரில் மென்பொருள் பொறியாளனாகப் பணிபுரிகின்றான். தம் தொழில் சார்ந்த கட்டுரைகளையும் நிரல்களையும் நாள்தோறும் ஒருவர்க்கொருவர் அனுப்பி விவாதிப்பது அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் வழக்கமாம். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, அவ்வாறு தனக்குக் கிடைத்த ஒரு நூலின் வரலாற்றைச் சொன்னான். முடிவில், "பாட்டி, அந்நூலைப் படியெடுத்த மாணவர்கள் ஞானதானம் பெற்றார்களா, களவு செய்தார்களா?" என்று கேட்டான். என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

அவ்வரலாறு இதுதான். ஒரு கணிப்பொறியில் பல நிரல்கள் ஒரே சமயத்தில் இயங்க வேண்டுமாயின், அவற்றிற்கு இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டுத் தர ஓர் அடிப்படை நிரல் வேண்டும். திருவிழாப் பந்தியில் யாரை எப்போது எங்கே அமர்த்துவது என்று பார்த்துக்கொள்ளும் பெரியவரைப் போன்றது அது. அதனை இயங்குதளம் என்பர். அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கினர். 1956ஆம் ஆண்டு அரசுடன் ஏற்பட்ட வழக்குத் தீர்வின்படி அந்நிறுவனம் தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பான வாணிபத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆதலின் பல்கலைக்கழகங்கள் சிறு தொகைக்கு உரிமம் பெற்று, யூனிக்ஸின் மூல நிரலையே வாங்கிப் பயில முடிந்தது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர் இருந்தார். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மையப்பகுதி ஏறத்தாழ 9,000 வரிகள் கொண்டது. அதனை ஒரு நூலாகத் தொகுத்து, அதற்கு உரைநூல் ஒன்றை 1976ஆம் ஆண்டில் தம் மாணவர்க்கென எழுதினார். இலக்கண நூலுக்கு உரை வகுத்த ஆசிரியரைப் போல் வரிகளின் பொருளையும், அவ்வாறு எழுதப்பட்டதன் காரணத்தையும், குறை எங்கே என்பதையும் எடுத்துக்காட்டினார்.

அந்நிரலில் புகழ்பெற்ற ஓரிடம் உண்டு. இப்பகுதி உங்களுக்குப் புரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்லை என்னும் கருத்துப்பட இயற்றியவரே அங்கே குறித்து வைத்திருந்தார். பலரும் அதனைச் செருக்கு என்று கொண்டனர். இது தேர்வுக்கு வாராது என்று ஆசிரியர் சொல்வது போன்ற கருத்தில்தான் எழுதினோம் என்று பிற்காலத்தில் ரிட்சி விளக்கினார். அங்கு நடப்பது தங்களுக்கே சரியாக விளங்கவில்லை என்பதே உண்மைக் குறை என்றும் ஒப்புக்கொண்டார். இதை என் பேரன் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிறர் படிக்கும்படி திறந்து வைத்தமையால் அன்றோ அந்த அறியாமை வெளிப்பட்டது!

1979ஆம் ஆண்டில் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வந்தது. அதன் மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தலாகாது என்று உரிமத்தில் விதி சேர்க்கப்பட்டது. லயன்ஸின் நூலும் உரிமம் பெற்றோர்க்கு மட்டும் உரியது. ஆனால் மாணவர்கள் அதனை ஒளிநகல் எடுத்தனர். நகலிலிருந்து நகல் எடுத்தனர். எழுத்து மங்கிய பிரதிகள் நாடுவிட்டு நாடு சென்றன. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்நூல் இவ்வாறே வாழ்ந்தது. 1996ஆம் ஆண்டில்தான் முறையான அனுமதியுடன் அச்சேறியது. 1998 டிசம்பரில் லயன்ஸ் காலமானார்.

இனி வினாவிற்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரம் இருபுறமும் பேசுகிறது. அறிவை மறைத்தலும், பொறாமையால் கொடாது வைத்தலும், கற்பவனுக்கு இடையூறு செய்தலும் ஞானாவரணீய கருமம் வந்து சேர்வதற்குக் காரணங்கள் என்று ஓரிடத்தில் உரைக்கிறது. கள்ளாமை என்னும் அணுவிரதத்தின் அதிசாரங்களைச் சொல்லுமிடத்தில், களவாடிய பொருளை ஏற்றலையும் அரசின் விதியை மீறலையும் எண்ணுகிறது. முதல் அளவுகோலால் அளந்தால் நிறுவனம் குற்றமுடையது. இரண்டாவதால் அளந்தால் படியெடுத்தோர் குற்றமுடையர். ஒருவர் பிழை செய்தமையால் மற்றவர் செயல் தூயதாகிவிடாது.

உரிமத்தில் கையொப்பமிட்டு, பின்பு பிரதியை வெளியே விட்டவர் தம் வாக்கைத் தவறினார். அதில் எனக்கு ஐயமில்லை. கற்கும் ஆர்வம் ஒன்றினாலேயே மங்கிய பக்கங்களோடு இரவெல்லாம் போராடிய மாணவனை, விற்றுப் பொருளீட்டக் கவர்ந்தவனோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்க என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அவன் நடந்தது நல்வழி என்று என் பேரனிடம் சொல்லவும் என்னால் முடியாது.

நல்வழி ஒன்று இருந்தது என்பதே இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்தது. நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆண்ட்ரூ டனன்பாம் என்னும் பேராசிரியர் இதே விதியால் தடைப்பட்டார். யூனிக்ஸின் நிரலைக் கொண்டு பாடம் நடத்த முடியாத நிலையில் அவர் அதனைப் படியெடுக்கவில்லை, தடையை மீறவுமில்லை. அதனைப் போலவே இயங்கக்கூடிய வேறொன்றைத் தாமே முதல் வரியிலிருந்து எழுதினார். மினிக்ஸ் என்னும் பெயருடன் 1987ஆம் ஆண்டில் பாடநூலோடு அதனை வெளியிட்டார். ஹெல்சிங்கியில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் அந்நூலைக் கற்றார். 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் தம் படைப்பை அறிவித்து, பிறர் கருத்தைக் கேட்டார். மறு ஆண்டே டனன்பாம் அதன் அமைப்பு பழமையானது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். இளைஞர் வெளிப்படையாகவே மறுத்தார். வாதம் காரமாக இருந்தது; ஆயினும் எவரும் எவர் கையையும் கட்டவில்லை. அதே 1992ஆம் ஆண்டில் லினக்ஸ் ஒரு பொது உரிமத்தின்கீழ் வந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்குக் கொடுத்தால் அதன் மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2017 நவம்பரில் வெளியான பட்டியலில் உலகின் ஆற்றல் மிகுந்த 500 கணிப்பொறிகளும் லினக்ஸிலேயே இயங்கின.

இவற்றையெல்லாம் கேட்டபோது என் ஆசிரியர் பயிற்சிக் காலம் நினைவிற்கு வந்தது. கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லுமுன் பாடக்குறிப்பு எழுத வேண்டும். மூத்த மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டை அன்போடு எனக்குத் தந்தாள். "நீர் ஆவியாதல்" என்னும் பாடத்தை எழுத்து மாறாமல் பார்த்தெழுதிக்கொண்டு ஐந்தாம் வகுப்பிற்குச் சென்றேன். ஒரு சிறுவன் எழுந்து, "டீச்சர், நிழலில் போட்ட துணியும் காய்கிறதே, அங்கே நீர் கொதிக்கவில்லையே?" என்று கேட்டான். குறிப்பேட்டில் அதற்கு விடையில்லை, என்னிடமும் இல்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த எங்கள் விரிவுரையாளர் அம்மையார் வகுப்பு முடிந்ததும், "நீ குறிப்பைப் பெற்றாய், பாடத்தைப் பெறவில்லை" என்று மட்டும் சொன்னார். அந்த வெட்கம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே என் பேரனுக்கு நான் கூறிய விடை இது. கைமாற்றுவது வேறு, கொடுப்பது வேறு. லயன்ஸ் கொடுத்தது நிறுவனத்தின் நிரலை அன்று. அதனைப் புரியவைக்கத் தாம் செலவிட்ட உழைப்பை. டனன்பாம் கொடுத்ததும் தம் உழைப்பை. தன் உழைப்பு சிறிதும் சேராத ஒன்றை எடுத்து நீட்டுபவன் வழிப்போக்கனுக்கு அடுத்த வீட்டுத் திண்ணையைக் காட்டுபவன் போன்றவன். அதனாலும் சில வேளை நன்மை விளையும். ஆனால் அதனைத் தானம் என்று பெயரிட்டு நாம் பெருமை கொள்ளலாகாது.

"அப்படியானால் நான் நாள்தோறும் தோழர்களுக்கு அனுப்பும் கட்டுரைகள்?" என்று கேட்டான். "முழுதும் படித்த பின் அனுப்புகிறாயா?" என்று நான் கேட்டேன். சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "பாதிக்கு மேல் தலைப்பை மட்டும் பார்த்து அனுப்புபவைதான்" என்றான். நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பார்த்தெழுதிய குறிப்பேட்டுடன் வகுப்பில் நின்றவள்தானே நானும்!

ஊருக்குச் சென்ற பின் ஒரு நாள் தொலைபேசியில் பேசினான். இப்போது வாரத்திற்கு ஒன்றே அனுப்புவதாகவும், அதனைப் படித்து, தனக்கு விளங்கிய பகுதி இது, விளங்காத பகுதி இது என்று நான்கு வரிகள் சேர்த்தெழுதுவதாகவும் சொன்னான். விளங்காத பகுதி என்று அவன் குறித்ததற்குத்தான் தோழர்களிடமிருந்து மிகுதியான விடைகள் வருகின்றனவாம்.