அனனியாவின் நிலமும் பழவேற்காட்டுப் பாடும்

சடையங்குப்பம் பர்மா நகரில் சொந்தச் சொத்தின் அருமையை யாருக்கும் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவில் 1962இல் ஆட்சியைப் பிடித்த நீ வின் அரசு அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளை அரசுடைமையாக்கியது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. கடை கண்ணி வைத்துப் பிழைத்த தமிழர்கள் மூட்டை முடிச்சோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் சிலருக்கு வாய்த்த இடம் கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய இந்தத் தாழ்வான பூமி. பூண்டி ஏரியைத் திறந்தால் இங்கே வாசலுக்குத் தண்ணீர் வந்துவிடும்.

அப்படி வந்த குடும்பம் ஒன்றில் வளர்ந்த ஓய்வுபெற்ற உபதேசியார்தான் இந்த உரையாடலின் குரு. சீடன் மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி. சங்கத்தில் சேரலாமா என்ற யோசனையில் இருப்பவன். பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடை பெஞ்சில், வாழைத்தண்டு சூப்பை ஊதிக் குடித்தபடி ஆரம்பித்தான்.

"ஐயா, அரசாங்கம்னாலே உங்களுக்கு ஆகாது. ஆனா ஆதித் திருச்சபையில எல்லாத்தையும் பொதுவுலதானே வச்சிருந்தாங்க?"

"அப்போஸ்தலர் நடபடிகள்ல நாலாம் அதிகாரத்தோட நிறுத்திட்டியே தம்பி, அஞ்சையும் படி. அனனியா நிலத்தை வித்தான், காசுல ஒரு பங்கை ஒளிச்சிட்டு இதான் மொத்தம்னு கொண்டாந்து வச்சான். பேதுரு என்ன கேட்டாரு? விக்கிறதுக்கு முந்தி நிலம் உன்னுது, வித்த பிறகு காசும் உன் கையிலதானே இருந்துச்சுன்னு கேட்டாரு. வச்சிக்கிட்டது குத்தமில்ல, பொய் சொன்னதுதான் குத்தம். குடுன்னு யாரும் அவன் கழுத்துல கத்தி வைக்கல."

கிறிஸ்தவ லிபர்டேரியன்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது. இன்னொன்று, சாமுவேலின் முதல் புத்தகம் எட்டாம் அதிகாரம்: ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனங்களிடம், அவன் உங்கள் பிள்ளைகளைத் தேரோட்டவும் வயலில் உழவும் பிடித்துக்கொண்டு போவான், விளைச்சலில் பத்தில் ஒன்று எடுப்பான் என்று சாமுவேல் எச்சரிக்கிறார். பகிர்ந்துகொள்வது விசுவாசியின் கடமை, பறித்துப் பகிர்வது அரசின் வேலையல்ல என்பது இவர்கள் கட்சி. தமிழ்நாட்டில் இதற்கு அரசியல் முகமும் இருந்தது. கூட்டுப் பண்ணை விவசாயத்துக்கான காங்கிரஸின் நாக்பூர் தீர்மானத்தை எதிர்த்து 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சியில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த கத்தோலிக்கர் எம். ரத்தினசாமி முக்கியத் தலைவர். 1967இல் மக்களவையில் 44 இடம் பிடித்த கட்சி, அடுத்த பத்தாண்டுக்குள் காணாமல் போனது தனிக்கதை.

"அப்போ மனுசன் தனித்தனியாவே கிடக்கணுமா?"

"யாரு சொன்னா? பழவேற்காட்டைப் பாரு."

பழவேற்காடு ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடங்களை மீனவர்கள் தலைமுறைகளாக முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி ஊர்தான் முடிவு செய்யும். தாசில்தாருக்கு அங்கே வேலையில்லை. ஒருவனே நல்ல இடத்தை வளைத்துப்போட முடியாது. ஏரியையும் ஒட்டச் சுரண்ட முடியாது. "ராஜாவும் இல்ல, தனிக்காட்டு முதலாளியும் இல்ல. சபைன்னா இப்பிடி இருக்கணும்" என்றார் குரு.

சீடன் விடவில்லை. "அந்தப் பாட்டுல இருளருக்குப் பங்கு உண்டா ஐயா?"

கிடையாது. அந்தந்த ஊர் மீனவச் சாதியில் பிறந்த ஆணுக்குத்தான் பாடு. இருளர்கள், பெண்களும் சேர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதோடு சரி. குரு சற்று நேரம் சூப்புக் கிண்ணத்தையே பார்த்தார்.

"கதவைத் திறக்காத சமூகமும் ஒரு குட்டி ராஜாங்கம்தான். ஒத்துக்கிறேன்."

"அந்தக் கதவை யாரு திறக்கிறது? மேரி ராய்க்கு யாரு திறந்தா?"

சரியான அடி. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். சகோதரரோடு வழக்காடிய மேரி ராய்க்கு 1986இல் உச்ச நீதிமன்றம் சமபங்கு உரிமையைத் தந்தது. திருச்சபைகள் முணுமுணுத்தன. தனிமனுசியைச் சமூகத்திடமிருந்து மீட்டது அரசின் நீதிமன்றம்.

"பிடுங்குற ராஜா வேற, பிடுங்கினதைத் திருப்பி வாங்கித் தர்ற நீதிபதி வேற" என்றார் குரு. பதில் மோசமில்லை. ஆனால் கால்வாசிப் பங்கும் ஒரு காலத்தில் சட்டம்தான் என்பதை அவர் தாண்டிப் போனதாகவே தோன்றுகிறது.

"2023 டிசம்பர் எண்ணெய்க்கு என்ன சொல்றீங்க?"

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. எண்ணூர் முகத்துவாரத்தில் வலையும் படகும் கறுத்தன. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது.

"அது யாரு கம்பெனி? அரசாங்கத்துது. கறையும் அவன், நிவாரணமும் அவன்."

"அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சுதே, கோரமண்டல் உரக் கம்பெனி தனியார்தானே? ஜனங்க மூச்சு முட்டி ஓடினாங்க. முதலாளி ராஜாவா ஆனா சாமுவேல் என்ன சொல்லுவாரு?"

"இன்னொருத்தன் மூச்சுலயும் தண்ணியிலயும் விஷம் விடுறது அவன் சொத்துல கைவைக்கிறது. கோர்ட்டுல நிறுத்தி முழு நஷ்டத்தையும் வசூலிக்கணும், சலுகை கூடாது."

"முகத்துவாரம் யார் பேர்ல பட்டா ஐயா? தனி ஆளு போய் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? வக்கீல் பீஸ் எங்கிருந்து வரும்?"

"குப்பமே சேர்ந்து போகணும்."

"அப்போ சங்கம்?"

"இஷ்டப்பட்டுச் சேந்து, பிடிக்கலைன்னா எழுதிக் குடுத்துட்டு வெளிய வர முடியும்னா தாராளமா சேரு. உங்க சங்க விதிப் புத்தகத்தை நாளைக்கு எடுத்துட்டு வா. விலகுறவனை என்ன பண்றாங்கன்னு அதுல பாக்கணும்."

"கம்பெனியில அப்பிடி ஒரு புத்தகமே கிடையாது ஐயா. விலக்குறது மட்டும்தான்" என்றான் சீடன்.