காணாத உயிர்க்கும் கடன் உண்டோ?

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், இருபது ஆண்டுகள் விண்ணில் உழைத்த ஒரு கலத்தை, அதனை அனுப்பியவர்களே சனிக்கோளின் மேகமண்டலத்துள் செலுத்தி எரித்தழித்தனர். காசினி என்பது அதன் பெயர். 1997 அக்டோபரில் புவியை விட்டுப் புறப்பட்டு, 2004-இல் சனியை அடைந்து, பதின்மூன்று ஆண்டுகள் அதனைச் சுற்றிவந்து, வளையங்களையும் துணைக்கோள்களையும் படம்பிடித்து அனுப்பியது அது. எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்தது உண்மையே. ஆயினும், தீர்ந்தபின் அதனை அங்கேயே சுற்ற விட்டிருக்கலாமே? யார் தலையிலும் விழப்போவதில்லையே?

விழக்கூடிய இடம் ஒன்று இருந்தது. சனியின் துணைக்கோள்களுள் என்சலடஸ் என்பது சிறியது. குறுக்களவு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் தொலைவினும் சற்றே மிகுதி, அவ்வளவுதான். 1789-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அக்கோளம் முழுதும் பனிக்கட்டியால் மூடப்பெற்றது. 2005-இல் அதன் தென்முனைப் பிளவுகளினின்று நீராவியும் பனித்துகளும் பீறிட்டெழுவதைக் காசினி கண்டது. பனி ஓட்டின் கீழ் உப்புநீர்க் கடல் ஒன்று கோளம் முழுதும் பரந்திருப்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்நீரில் கரிமச் சேர்மங்கள் உள்ளன. ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவது 2017-இல் அறிவிக்கப்பட்டது. காசினி அனுப்பிய தரவுகளை மீண்டும் ஆராய்ந்தோர் 2023-இல் பாஸ்பேட் உப்பும் உண்டு என்றனர். நீர், வெப்பம், உணவு ஆகிய மூன்றும் அங்குள்ளன. உயிர் உள்ளதா? இன்றுவரை எவரும் கண்டதில்லை.

காசினியின் உறுப்புகளில் புவியின் நுண்ணுயிர்கள் சில ஒட்டிக்கொண்டு உயிரோடு இருந்திருக்கலாம். கட்டுப்பாடிழந்த கலம் என்றேனும் அப்பனிக்கோளத்தில் மோதினால், அவை அக்கடலைச் சென்று சேரக்கூடும். இதனை அஞ்சியே கலத்தை அழித்தனர். வியாழனைச் சுற்றிய கலிலியோ கலத்தையும் 2003-இல் இவ்வாறே செய்தனர். யூரோப்பா என்னும் துணைக்கோளின் பனிக்கடியில் உள்ள கடலை முன்னிட்டு.

இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத ஓர் உயிருக்காக ஒரு கலத்தை அழிப்பது அறமா, அன்றி மிகைப்பட்ட அச்சமா? அங்கு உயிரே இல்லையெனில் யாருக்குக் கடன்பட்டோம்? இது பற்றிச் சில திங்களாகச் சிந்தித்து வருகிறோம்.

வானியலார் இதனை விளையாட்டாகக் கொள்ளவில்லை. பிற கோள்களை மாசுபடுத்தலாகாது என்பது 1967-இல் நாடுகள் செய்துகொண்ட விண்வெளி உடன்படிக்கையிலேயே உள்ளது. செவ்வாயில் இறங்கும் கலத்தின் மேற்பரப்பில் மூன்று இலட்சம் நுண்ணுயிர் வித்துகளுக்கு மேல் இருத்தலாகாது என்று எண்ணிக்கையும் வகுத்துள்ளனர்! அரிசியில் கல் பொறுக்குவோர் போல, தூய அறைகளில் அமர்ந்து கலத்தைத் துடைத்துத் துடைத்து எண்ணுகின்றனர்.

ஆயின், அவர்கள் கூறும் காரணத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். புவியின் கிருமி அங்குச் சென்று பெருகிவிட்டால், நாளை அங்கோர் உயிரைக் காணும்போது அது அவ்விடத்ததா, நாம் கொண்டு சென்றதா என்று அறியமுடியாமற் போகும் என்பதே பெரும்பாலோர் கூறும் காரணம். ஆராய்ச்சி கெடும் என்னும் கவலை அது, இரக்கம் அன்று. செவ்வாயில் நுண்ணுயிரேனும் இருக்குமாயின் மனிதர் அக்கோளை விட்டு விலக வேண்டும் என வாதிட்ட காரல் சேகன் போன்றோர் சிலரே. புகழுக்காக அன்னமிடுவோனும் உளன். பசித்தவன் வயிறு நிறைந்தது மெய். இட்டவன் கணக்கு வேறு. ஆயினும், அப்பனிக்கடலில் உயிர் இருக்குமாயின், அதற்குக் கிட்டிய பயன் ஒன்றே என்பதை மறுப்பதற்கில்லை.

இதனினும் கடினமான ஒன்று உண்டு. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களைப் புறப்படுமுன் 112 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாளுக்கும் மேலாக வாட்டினர். கலத்திலிருந்த நுண்ணுயிர்களை மாய்க்கவே அவ்வாறு செய்தனர். அங்கிருக்கலாம் என ஐயுறும் உயிரைக் காக்க, இங்கு இருப்பதாக அறிந்த உயிரைக் கொல்வது எவ்வாறு கொல்லாமையாகும்? இவ்வினாவை விஞ்ஞான நூல்களில் நாம் கண்டதில்லை. நம் இல்லங்களிற் பிறந்த எவர்க்கும் இது முதலில் தோன்றும்.

நம் அன்னையார் கிணற்றுநீரை இருமடித் துணியில் வடிகட்டிய பின், அத்துணியை உதறிவிட மாட்டார். அதனைக் கவிழ்த்துப் பிடித்து, வடித்த நீரையே சிறிது ஊற்றி அலசி, அந்நீரை அதே கிணற்றில் மெல்ல இறக்கிவிடுவார். வேறு கிணற்றில் விடலாகாது. அவ்வுயிர்கள் பிறந்த நீர்க்கே அவை திரும்ப வேண்டும் என்பார். அவர் அவ்வுயிர்களைக் கண்டவரல்லர். (நம் முன்னோர்க்கு உருப்பெருக்கி இருந்தது என்று மேடையில் முழங்குவோர் பேச்சில் நமக்கு உடன்பாடில்லை, காணாமலே பேணினர் என்பதன்றோ அதன் அருமை.) ஆனால் அவ்வாறு வடித்த நீரையே பின்னர்க் காய்ச்சினார். அப்போது மாய்வன மாயும். அதனை அவர் அறியாதவரும் அல்லர். இல்லறத்தார்க்குத் தவிர்க்கவொண்ணாதது எது, தவிர்க்கக்கூடியது எது என்று நம் ஆசான்கள் வகுத்தது இதன் பொருட்டே. கிணற்றில் திருப்பி விடுதல் அவரால் இயன்றது. அடுப்பை மூட்டாதிருத்தல் இயலாதது. வைக்கிங் கலத்தை வாட்டியோரை இவ்வளவில் பொறுத்துக்கொள்ளலாம் என எண்ணுகிறோம். ஆனால் விண்ணில் கலம் அனுப்புதல் சோறாக்குவது போன்ற தவிர்க்கவொண்ணாத செயலா? இங்கு நம் மனம் இன்னும் ஒருவழிப்படவில்லை.

நாம் ஆசிரியப் பணியில் இருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவியர்க்குக் குளத்துநீரின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டுக் காட்டினோம். எல்லோரும் கூவி மகிழ்ந்தனர். ஒரு சிறுமி மட்டும் பார்த்து முடித்துவிட்டு, “டீச்சர், இந்தத் துளியை இப்ப எங்க ஊத்தறது?” என்றாள். மணி அடித்துவிட்டது. பாடக்குறிப்பில் அதற்கு விடையில்லை. தகட்டைக் கழுவும் தொட்டியில் இட்டோம்.

2019 ஏப்ரலில் இஸ்ரேலியரின் பெரெஷீட் கலம் சந்திரனில் இறங்க முயன்று மோதிச் சிதறியது. அதனுள், உலர்த்தப்பட்ட நீர்க்கரடிகள் என்னும் நுண்ணிய பிராணிகள் ஆயிரக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தன என்பது பின்னரே வெளியாயிற்று. மூன்று இலட்சம் வித்துகளை எண்ணுவோரும், எவர்க்கும் கூறாது உயிர்களைப் பெட்டியிலிட்டு அனுப்புவோரும் ஒரே காலத்தில் வாழ்கின்றனர். நாம் எப்பக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம்.

இப்போது நம் இல்லத்தில் அக்கிணறு இல்லை. ஆழ்துளைக் குழாய்நீர் இயந்திரத்துள் சென்று, புற ஊதா ஒளியில் கிருமிகள் மாய்க்கப்பட்டுக் குவளைக்கு வருகிறது. எஞ்சிய கழிவுநீர் மெல்லிய குழாய் வழியே சாக்கடைக்குச் சென்றுகொண்டிருந்தது. சென்ற மாதம் முதல் அக்குழாயை ஒரு வாளியில் விட்டு, மாலையில் செம்பருத்திக்கு ஊற்றி வருகிறோம். இதனால் எவ்வுயிர் பிழைக்கிறது என்று பேத்தி கேட்கிறாள். சொல்லத் தெரியவில்லை.