கருணையும் கட்டாயமும்



ஓர் உயிர் வேண்டாமென்று மறுக்கையில், அதன் நன்மையின் பொருட்டு அதனைப் பிடித்து நிறுத்துதல் அறமாகுமா? அன்றி, அதுவும் ஒருவகை இம்சைதானா? இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் பண்டிதர் எவருமல்லர், ஒரு பூனை.

சென்ற பௌர்ணமியன்று பெங்களூரில் ஓர் உபாசகர் இல்லத்திற்கு வந்தனை நடத்தச் சென்றிருந்தேன். அங்கே நீண்ட உரோமமுடைய பாரசீகப் பூனை ஒன்று வளர்கிறது. இத்தகைய பூனைக்கு நாள்தோறும் சீவிவிடுதல் வேண்டும். அவ்வீட்டு மகள், தேர்வின் காரணமாக மூன்று வாரம் சீப்பைத் தொடவில்லை. காதின் பின்புறமும், முன்னங்கால் இடுக்கிலும், அடிவயிற்றிலும் மயிர் திரண்டு சடையாய் இறுகிவிட்டது. சீப்பைக் கண்டாலே பூனை சீறுகிறது. பெண்ணின் கையெல்லாம் கீறல்.

"பெரியப்பா, எவ்வுயிரையும் வருத்தலாகாது என்று நீங்கள்தாமே சொல்கிறீர்கள்? அது வேண்டாமென்கிறதே, விட்டுவிடட்டுமா?" என்று அவள் வினவினாள். தந்தையோ கத்திரிக்கோலுடன் வந்து, "நாலு பேர் அமுக்கிப் பிடித்தால் நொடியில் முடியும், ஐயா" என்றார்.

இரண்டும் இரண்டு ஓரங்கள். விட்டுவிட்டால் சடை நாளுக்கு நாள் இறுகும். அடியெடுத்து வைக்குந்தோறும் தோலை இழுக்கும். அதனடியில் புண்ணும் உண்டாகும். விடுவது கருணை போலத் தோன்றினும், உண்மையில் அது நம் கைக்குக் கீறல் வேண்டாமென்னும் விருப்பமே. கத்திரிக்கோலின் வழியும் தீது. பூனையின் தோல் மிக மெல்லியது. சடையோடு சேர்ந்து மேலெழும்புவது. மயிரென்று எண்ணித் தோலையே வெட்டிவிடக்கூடும்.

மச்சிம நிகாயத்தில் அபயராஜகுமார சுத்தம் என்றொன்று உண்டு. அபயன் தன் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய அசட்டையாலோ செவிலியின் அசட்டையாலோ இக்குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் இட்டுக்கொண்டால் என் செய்வாய் என்று பகவன் வினவுகிறார். ஒரு கையால் தலையைப் பிடித்து, மறுகை விரலை வளைத்து, இரத்தம் வந்தாலும் வெளியே எடுப்பேன், அதன்மீதுள்ள இரக்கத்தால், என்கிறான் அரசகுமாரன். பகவன் அதனை மறுக்கவில்லை.

ஆகவே பிடித்தல் சில வேளை அறமே. ஆயினும் அவ்வுவமையில் அசட்டை என்னும் சொல் முதலிலேயே நிற்பதை நாம் மறக்கலாகாது. குழந்தையின் வாயில் கல் புகுந்ததும், பூனையின் மேனியில் சடை திரண்டதும் அவற்றின் குற்றமல்ல. காவல் நிற்க வேண்டியவர் தவறினர்; அத்தவறுக்குரிய வட்டியே கட்டாயம்.

இவ்விடத்தில் நம்மவர் மிக எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எத்தெருவில் நடப்பது, எக்கிணற்றைத் தொடலாகாது என்று நம் பாட்டன்மாருக்கு விதித்தவர்களும் அதற்குத் தருமம் என்றே பெயரிட்டனர். பிறர் நன்மை என்ற பெயரால் எழும் கை எல்லாம் கருணைக் கையல்ல. அதனைச் சோதிக்க மூன்று வினாக்கள் உள. தீர்வது எவர் துன்பம்? தேவை முடிந்ததும் பிடி தளர்கிறதா? நகம் பட்டபோது உள்ளத்தில் சினம் எழுகிறதா? பூனை கீறியதும் "உன்னை என்ன செய்கிறேன் பார்" என்று இறுக்கிப் பிடிப்பவன், அக்கணமே வைத்தியன் என்ற நிலையினின்று இறங்கிப் பகைவனாகிறான்.

நான் நூற்பாலையில் பல்லாண்டு உழைத்தவன். பாபினில் நூல் சிக்கினால் புதிய ஆள் வெடுக்கென்று இழுப்பான். சிக்கு முடிச்சாகும், அல்லது நூல் அறும். பழகியவனோ அடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து நெகிழ்த்துவான். அன்று மாலை அவ்வாறே செய்தோம். மகளின் மடியில் பூனையை இருத்தி, தோல் இழுபடாதபடி சடையின் அடியை இரு விரலால் பற்றி, நுனியிலிருந்து சிறிது சிறிதாய்ப் பிரித்தோம். வால் வேகமாய் அசைந்து, காது மடிந்தபோது நிறுத்தினோம். சிறிது மீன் கொடுத்தோம். அன்று அவிழ்ந்தது காதின் பின்னிருந்த ஒரு சடை மாத்திரமே. தோலோடு ஒட்டியிருந்த இடுக்குச் சடையை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுமாறு கூறினேன்.

வீடு திரும்புகையில் வேறொரு நினைவு என்னை வருத்தியது. சில ஆண்டுகளுக்கு முன், புதிதாய்த் திரிசரணம் ஏற்ற ஓர் இல்லத்தில், மூதாட்டி ஒருவர் கையில் தாயத்துக் கட்டியிருந்தார். அவருடைய தாயார் கட்டியது. "பௌத்தர் கையில் இது எதற்கு?" என்று சபையறிய முழங்கினேன். மகன் அப்பொழுதே அதை அறுத்தெறிந்தான். நான் சொன்னது பொய்யன்று, பயனற்றதுமன்று. எனினும் அம்மையார் அதன்பின் விகாரைக்கு வரவேயில்லை. இன்று அவர் உயிரோடில்லை. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

அதே சுத்தத்தில் பகவன், உண்மையும் பயனுமுடைய சொல்லையும் காலமறிந்தே ததாகதர் கூறுவார் என்று காட்டுகிறார். அக்காலத்தை நான் அறிந்திலேன். நுனியிலிருந்து அவிழ்க்க வேண்டியதை அடியோடு வெட்டினேன், தோலும் அறுந்தது. வாரந்தோறும் அவ்வில்லம் சென்று பக்கத்தில் அமர்ந்து பேசியிருப்பேனாயின், ஒருநாள் அவரே தம் கையால் அதைக் கழற்றியிருக்கலாம், கழற்றாமலும் இருந்திருக்கலாம். அவர் நம்மோடு இருந்திருப்பார்.

அன்பர்களே! பிள்ளைகளிடத்தும், முதியோரிடத்தும், புதிதாய் வந்தோரிடத்தும் நாள்தோறும் சிறிது சீவுவோமாக. அங்ஙனம் செய்வோர்க்குப் பிடித்து அமுக்கும் நாள் அரிதாகவே வரும்.

சர்வ உயிர்களும் சுகமாயிருக்கட்டும்.