பூட்டிக் கிடக்கும் பியானோ



தசலட்சண பர்வத்தின் எட்டாம் நாள் உத்தம தியாகத்திற்கு உரிய நாள். அந்நாளில் திருவண்ணாமலையில் ஓர் அன்பர் இல்லத்தில் அறவுரை நிகழ்ந்தது. உரை முடிந்து அனைவரும் எழுந்தபின் ஓர் அம்மையார் தயங்கி நின்று கேட்டார்: "ஐயா, எங்கள் வீட்டில் பழைய பியானோ ஒன்று இருக்கிறது. அதை விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தாங்கள் சொல்லுங்கள்."

அருகில் நின்ற சிலர் நகைத்தனர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. தியாகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவனிடம், அதை நாளை காலை எப்படிச் செய்வது என்று அவர் கேட்டார்.

அம்மையாரின் கணவர் பள்ளி ஆசிரியர். பணி ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, மகளின் விருப்பத்திற்காகச் சென்னையில் அதை வாங்கினார். மகள் ஆறு ஆண்டுகள் வாசித்தாள். மணமாகி வெளிநாடு சென்றாள். கணவர் காலமானார். அதன்பின் பியானோவின் மூடி பூட்டப்பட்டது. நாள்தோறும் துணியால் துடைப்பதொன்றே அம்மையாரின் பணியாயிற்று.

இப்போது வீட்டின் கூரை ஒழுகுகிறது, பணம் தேவை. விற்கும் எண்ணத்தோடு, சுருதி சேர்ப்பவர் ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். அவர் வெள்ளைக் கட்டைகளை உற்று நோக்கி, "அம்மா, இவை பிளாஸ்டிக் அல்ல; யானைத் தந்தம்" என்றார். வாங்க வந்தவரோ, "அதற்காகவே கூடுதல் விலை தருகிறேன். ரசீது வேண்டா, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார். இதுவே அம்மையாரின் துயரம்.

அன்பர்களே, இசைக்கருவி இல்லத்தில் இருப்பது குற்றமன்று. திருத்தக்கதேவர் காட்டும் சீவகன், காந்தருவதத்தையை யாழ் வென்றே மணந்தவன். ஆயினும் எதற்கும் அளவு வேண்டும். ஒருமுறை துய்த்தவுடன் தீர்ந்துபோகும் உணவு போன்றவை போகம். மீண்டும் மீண்டும் பயன்படும் ஆடை போன்றவை உபபோகம். பியானோ உபபோகப் பொருள். இரத்தினகரண்ட சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திராசாரியர், இத்தனை நாள், இத்தனை திங்கள் என்று காலம் வரையறுத்துத் துய்க்க வேண்டியவற்றுள் இசையையும் பாட்டையும் சேர்த்தே எண்ணினார். விலக்க வேண்டும் என்னாது அளவிட வேண்டும் என்றது, இல்லறத்தார்பால் அவர் கொண்ட கருணை.

ஆனால் எவரும் வாசிக்காத பியானோ எவ்வகையைச் சேரும்? அது உபபோகமும் அன்று, வெறும் பரிக்ரஹம். பரிக்ரஹம் என்பது பொருளின் எண்ணிக்கையில் இல்லை. அதன்மேல் மனம் மயங்கிக் கிடக்கும் மூர்ச்சையில் இருக்கிறது என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் விளக்கம்.

அக்கருவியின் அமைப்பே இதற்குச் சான்று. பியானோவுக்குள் 200-க்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள் உள்ளன. அவற்றின் இழுவிசையை ஒன்றாகக் கூட்டினால் ஏறத்தாழ 15 முதல் 20 டன் வரை ஆகும். வாசிக்கும்போது மட்டுமன்று, மூடியைப் பூட்டிவைத்து ஒலியே எழாதபோதும், இரவும் பகலும் அந்த இழுப்பு ஓய்வதில்லை. அதைத் தாங்குவதற்காகவே உள்ளே கனத்த இரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்கள். பற்றும் அத்தகையதே. வெளியே ஓசையில்லை, உள்ளே இழுப்பு ஓயவில்லை.

"மகளைக் கேட்டீர்களா?" என்றேன். கேட்டிருந்தார். மகள் தொலைபேசியில் சொன்ன விடை இது: "அம்மா, அந்தப் பியானோவை நான் எப்போதோ மறந்துவிட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்ட அப்பாவைத்தான் மறக்கவில்லை." இதைச் சொல்லும்போது அம்மையாரின் கண்கள் கலங்கின. எதைத் துடைத்துக்கொண்டிருந்தோம் என்பதை அவர் அப்போதே உணர்ந்துவிட்டார்.

அப்படியானால் விற்றுவிடலாமே எனின், அங்கே தந்தம் குறுக்கே நிற்கிறது. பழங்காலத்துப் பியானோக்கள் பலவற்றில் 52 வெள்ளைக் கட்டைகளின் மேலும் மெல்லிய தந்தத் தகடுகளை ஒட்டினார்கள். அவை பெரும்பாலும் கட்டைக்கு இரு துண்டுகளாக இருக்கும். மயிரிழை போன்ற வரிகள் தெரியும். அந்த வரிகள் ஒரு யானையின் உடலில் வளர்ந்தவை.

நம் மாவட்டத்தில் போளூருக்கு அருகே உள்ள திருமலையில் சுமார் 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாத பகவானைத் தரிசிக்காதவர் நம்மில் குறைவு. அப்பெருமான் தம் திருமணத்திற்கு எழுந்தருளியபோது மங்கல வாத்தியங்கள் முழங்கின. அந்த முழக்கத்தையும் மீறி அவர் செவியில் விழுந்தது, விருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளின் ஓலம். அன்றே மணத்தைத் துறந்து கிர்நார் மலை நோக்கி நடந்தார். அவர் வழிவந்தோம் என்று சொல்லும் நமக்கு, அந்தக் கட்டைகளின் இசைக்கு நடுவே ஒரு யானையின் பிளிறல் கேட்க வேண்டாவா?

சட்டமும் இதையே சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் இந்திய யானைத் தந்தத்தின் வாணிகத்தைத் தடுத்தது. 1991இன் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்தது. தந்தத்திற்கு விலை கிடைக்கும்வரை யானைக்கு உயிர் நிலையில்லை. "யானை என்றோ இறந்துவிட்டது, இன்று விற்றால் என்ன?" என்று கேட்பவர் இதை எண்ண வேண்டும். இன்று நாம் பெறும் விலை, நாளை வேறொரு யானைமேல் குறிவைக்கும் கைக்குத் துணிவு தரும். மேலும், அரசின் நெறிக்கு மாறாகப் பொருள் ஈட்டுவதைக் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக நம் ஆசாரியர்கள் வைத்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது என்ற சொல்லைக் கேட்டவுடனேயே சிராவகர் விழித்துக்கொள்ள வேண்டும். வினை ரசீது கேட்டு வருவதில்லை.

ஆகவே அம்மையாரிடம் நான் சொன்னவை மூன்று. ஒன்று, மறைவாக வாங்க வந்தவரை மறுத்துவிடுங்கள். இரண்டு, தந்தத்தைப் பற்றி வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் காட்டும் வழியில் நடங்கள். பின்னர் ஒருநாள் விற்க நேர்ந்தால், கருவியின் பழுதுகளை ஒன்றுவிடாமல் சொல்லி விற்பனை செய்யுங்கள். மூன்று, விற்றாலும் வைத்திருந்தாலும், அதன்மேல் வைத்த மனத்தை இன்றே இறக்கிவையுங்கள்.

அம்மையார் வாங்க வந்தவரை அன்றே திருப்பி அனுப்பினார். கூரைக்காகத் தம் வளையல்களை விற்றார். வனத்துறைக்குக் கடிதம் எழுதினார். எளிதான முடிவன்று; கூடுதல் விலையை விட்டுக் கைவளையை இழந்தது உலகத்தார் கணக்கில் நட்டம். அறத்தின் கணக்கு வேறு.

சீவகன் கதையின் முடிவை நினைவுகூர்ந்து நிறைவு செய்கிறேன். சோலையில் ஓர் ஆண் குரங்கு தன் துணைக்குப் பலாப்பழம் கொடுத்தது. காவலன் விரட்டி அதைப் பறித்துக்கொண்டான். பழம் கைமாறியதைக் கண்ட சீவகன், தன் தந்தையிடமிருந்து கட்டியங்காரனுக்கும், அவனிடமிருந்து தனக்கும் கைமாறிய அரசை நினைத்தான், துறந்தான். யாழிசையில் வென்றவனே இறுதியில் அனைத்தையும் வைத்துவிட்டு நடந்தான்.

நம் இல்லங்களில் உள்ள எப்பொருளும் பிறர் கையிலிருந்து வந்ததே. பிறர் கைக்குப் போவதே. இடையில் அது நம்மிடம் தங்கும் சில நாளில் ஓர் உயிருக்கும் ஊறு நேராமல் காப்போமாக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!