கோபத்துக்கு ஆள் தெரியும்

பட்டா மாற்றத்துக்காக அலுவலகம் போகிறீர்கள். "அடுத்த வாரம் வாங்க" என்கிறார் அதிகாரி. உள்ளே கொதிக்கிறது. ஆனாலும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, உங்கள் ஊரான மடுகரைக்கு பஸ் ஏறுகிறீர்கள். வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். தட்டு பறக்கிறது.

"கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது" என்று இனிமேல் சொல்லாதீர்கள். கோபத்துக்கு நன்றாகவே கண் தெரிகிறது. எதிரில் நிற்பவர் வலியவரா எளியவரா என்று பார்த்துத்தான் அது வெளியே வருகிறது.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்கு இது நல்ல சேதி. அடக்கும் பலம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அலுவலகத்தில் அதைக் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் இந்த இடத்தைத்தான் தொடுகிறார். நம் கோபம் பலிக்காத இடத்தில் அடங்கிப் போவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பலிக்கும் இடத்தில் அடக்குகிறவரைத்தான் மதிக்கிறார்.

அப்படி ஒருவர் நமக்கு வெகு பக்கத்திலேயே, திருவண்ணாமலையில் இருந்தார்: ரமண மகரிஷி. 1924 ஜூன் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். ரமணாசிரமம் அன்று எளிய கொட்டகை. திருடர்கள் வந்து ஜன்னலை உடைத்தார்கள். வெளியே வந்தவர்களுக்கெல்லாம் அடி விழுந்தது. ரமணருக்கும் தொடையில் ஒன்று விழுந்தது. அதைக் கண்டு பொறுக்காத அடியவர் ஒருவர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு அனுமதி கேட்டார். ரமணர் தலையசைத்திருந்தால் போதும். அவர் அசைக்கவில்லை. திருடுவது அவர்கள் வழி, பொறுப்பது சாதுக்களின் வழி என்று தடுத்துவிட்டார். திருடர்கள் அரிக்கேன் விளக்கு கேட்டபோது அதையும் கொடுக்கச் சொன்னார். அடி வாங்கியவர், திருப்பி அடிக்க ஆள் இருந்தவர், அமைதியாக இருந்தார். நான் வணங்குவது அந்த அமைதியைத்தான்.

மனமும் மூச்சும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்று உபதேச உந்தியார் என்ற நூலில் அவரே சொல்கிறார். கோபம் ஏறும்போது கவனியுங்கள், மூச்சும் மாறும். அது மேலே ஏறும், குட்டையாகும், மூக்கு விடைக்கும். அந்த நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள். மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் பாருங்கள். பார்க்கப் பார்க்க அது தானாக இறங்கும். மனமும் கூடவே இறங்கும்.

பாலைக் கொட்டிய பிள்ளை இன்று உங்கள் முன்னால் நிற்கும். நடவுக்கு நேரங்கழித்து வந்த ஆள் வரப்பில் தயங்கி நிற்பார். சொன்னதையே திரும்பச் சொல்லும் வயதான அம்மா இருப்பார். உங்களைத் திருப்பிக் கேட்க இவர்கள் யாராலும் முடியாது. அதனால் அங்கேயே தொடங்குங்கள், வீட்டில் ஆகச் சிறியவரிடமிருந்து.